கமாவின் மேல் விழுந்த பழி

அத்தியாயம் ஐந்து

வந்தவர் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே வாசல் பலகையில் ஒரு பிழையைக் கண்டுபிடித்துவிட்டார். ‘துப்பறியும் நிலையம்’ என்பதற்கும் ‘மாடியில்’ என்பதற்கும் நடுவே கமா இல்லையாம்.

நாத்தனாருக்குச் சுருக்கென்றது. பலகையை எழுதியவளே அவள்தான்.

“பெயின்ட் தீர்ந்துபோச்சு சார். கமா போட்டிருந்தா ‘மாடியில்’ விட்டுப்போயிருக்கும். நீங்க இந்நேரம் கீழே கண்ணாடிக் கடையில மூக்குக்கண்ணாடி மாட்டிப் பார்த்துக்கிட்டிருப்பீங்க.”

அந்த நிலையத்தில் மொத்தம் இரண்டே பேர். ஒருவர் அண்ணி. தபால் இலாகாவில், விலாசம் புரியாத கடிதங்கள் வந்து குவியும் அறையில் பத்தொன்பது வருடம் உட்கார்ந்து, யார் யாருக்கு எழுதியது என்று மோப்பம் பிடித்தவர். மற்றவள் அவருடைய கணவரின் தங்கை. ஸ்கூட்டர் ஓட்டுவது, போன் பேசுவது, நடுநடுவே வாயைக் கொடுத்து வாங்கிக்கட்டிக்கொள்வது அவள் இலாகா. அண்ணியும் நாத்தனாரும் ஒரே அறையில் நாள் முழுக்க இருந்தால் என்ன நடக்கும் என்று உலகத்துக்கே தெரியும். இங்கே அது நடக்காததற்குக் காரணம், இருவருக்கும் பொது எதிரியாக எப்போதும் ஒரு வழக்கு இருந்தது.

இன்றைய வழக்கு எதிரில் உட்கார்ந்திருந்தது. நாற்பத்தைந்து வயது, மடிப்புக் கலையாத சட்டை, மார்போடு அணைத்துப் பிடித்த தோல் பை. பால் பதனிடும் ஆலையில் பதிவேட்டுக் குமாஸ்தா. ஆலையின் இருநூற்று நாற்பது பேருக்கும் சேர்த்து ‘நம்ம ஆலை’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு குழு உண்டு. அதில் யார் என்ன எழுதினாலும் அடுத்த நிமிடம் இவருடைய திருத்தம் வந்து விழும். குழந்தை பிறந்திருக்கிறது என்று ஒருவன் சந்தோஷமாகப் போட்டால், இவர் வாழ்த்திவிட்டு, வாக்கியத்தின் முடிவில் புள்ளி இல்லை என்றும் சொல்லிவிட்டுத்தான் போவார். ஆலை அவருக்கு வைத்த பெயர் கமா. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் பிழைத்திருந்தது.

இப்போது அந்தக் கமாவே அவர் கழுத்துக்குக் கயிறாகியிருந்தது. புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு, யாருக்கும் தெரியாத ஓர் எண்ணிலிருந்து குழுவுக்கு ஒரு மொட்டைக் கடிதம் வந்தது. கமா கைபேசியை நீட்ட, அண்ணி வாய்விட்டுப் படித்தார்.

‘மேலாளர் அவர்களுக்கு, வணக்கம். திங்கட்கிழமை அதிகாலை மூன்று மணிக்கு, கொதிகலன் இருபது நிமிடம் நின்றது. அப்போது ஓடிய பால், சூடு ஏறாத பால். அதைத் திருப்பி அனுப்பாமல், பையில் அடைத்து, கடைகளுக்கு அனுப்பச் சொன்னீர்கள். சூட்டைக் காட்டும் தாளையும் மாற்றினீர்கள். குழந்தைகள் குடிக்கும் பால், ஐயா. பதில் சொல்லுங்கள்.’

பதில் ஒரு மணி நேரத்தில் வந்ததாம். திங்கட்கிழமை அதிகாலையின் வெப்பத் தாளை மேலாளர் படம் பிடித்துப் போட்டார். பால் ஓடும்போது சூடு எவ்வளவு என்று இயந்திரமே சிவப்பு மையில் கோடு இழுத்துக்கொண்டு போகும் தாள் அது. கோடு கொஞ்சமும் இறங்காமல் சீராக ஓடியிருந்தது. கடிதம் பொய், ஆலையைக் கெடுக்கும் சதி என்று அதன் கீழே எழுதியிருந்தார். அதற்கப்புறம் எல்லோரும் பாலை விட்டுவிட்டு எழுதியவனைத் தேட ஆரம்பித்தார்கள். தேட என்ன இருக்கிறது? இருநூற்று நாற்பது பேரில் கமா எங்கே வரும் என்று தெரிந்தவர் ஒரே ஒருவர். அன்று மாலையே இடைநீக்கம். இன்று சனிக்கிழமை நாலு மணிக்கு விசாரணை. தான் எழுதவில்லை என்று நிரூபிக்காவிட்டால் பதினெட்டு வருட வேலை போய்விடும்.

“நான் எழுதலை” என்றார் கமா. “ஆனா படிச்சுப் பார்த்தா எனக்கே சந்தேகம் வருது. அவ்வளவு சுத்தமா இருக்கு.”

“பால் விஷயம் நிஜமா சார்?” என்று கேட்டாள் நாத்தனார்.

கமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தான் மேலே அலுவலகத்தில் இருக்கிறவன், கீழே இயந்திரங்கள் ஓடும் தளத்தில் நடப்பது தனக்கு என்ன தெரியும் என்று முணுமுணுத்தார். பையில் என்ன என்று அண்ணி கேட்டார். வெறும் தாள்தான், எந்தத் தாளையும் தூக்கிப்போடும் பழக்கம் தனக்கு இல்லை என்று சொல்லி, பையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அண்ணி அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்காமல் விட்டால் அண்ணி எதையோ குறித்து வைத்துக்கொண்டார் என்று அர்த்தம்.

அவர் படி இறங்கிப் போனதும் நாத்தனார் வெடித்தாள். குழந்தை குடிக்கிற பாலைப் பற்றி ஒருவர் எழுதியிருக்கிறார், இருநூற்று நாற்பது பேரும் உட்கார்ந்து புள்ளியை எண்ணியிருக்கிறார்கள். புள்ளி வைத்து எழுதினால் சதி, வைக்காமல் எழுதினால் கேலி. பின்னே மனிதர் எப்படித்தான் எழுதுவது என்று கேட்டாள். நியாயமான கேள்வி. அண்ணி ஸ்கூட்டர் சாவியை எடுத்து அவள் மடியில் போட்டார்.

*

ஆலை வாசலில் ஒரு மணி வெயில். காவலாளி தன் சின்ன அறையில் வருகைப் பதிவேட்டின் மேல் முழங்கையை ஊன்றி உட்கார்ந்திருந்தார். விசாரணைக்குக் கமாவின் துணையாக வருபவர் என்று அண்ணி பெயர் எழுதிவிட்டு, பேச்சோடு பேச்சாக ஒரு கேள்வி போட்டார்.

“இன்னிக்கு விடிகாலை மூணு மணிக்கு உள்ளே யாரெல்லாம் இருந்தாங்க?”

காவலாளி பதிவேட்டில் ஒரு பக்கம் பின்னால் போனார். “வெள்ளிக்கிழமை மூணாவது ஷிப்டு. பாக்கிங்ல பதினெட்டு பேரு, கொதிகலன்ல ரெண்டு பேரு. வாரம் முழுக்க இதே ஆளுங்கதான்.”

“வெள்ளியா? நான் கேட்டது இன்னிக்கு விடிகாலை. சனிக்கிழமை.”

“நீங்க காலண்டர் பார்த்துச் சொல்றீங்கம்மா. எங்களுக்கு நாள் காலையில ஆறு மணிக்குத்தான் பொறக்கும். வெள்ளிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு உள்ளே போனவன் ஆறு மணிக்கு வெளியே வர்ற வரைக்கும் அது வெள்ளிதான். மேலே ஆபீஸ்ல இருக்கறவங்களுக்கு மட்டும்தான் பன்னெண்டு மணிக்கு நாள் மாறும்.”

அண்ணி அவருக்கு நன்றி சொன்ன விதத்தைப் பார்த்து, நாத்தனாருக்குக் கை துறுதுறுத்தது. இந்த அம்மாள் இப்படிக் குழைந்து நன்றி சொன்னால் எங்கேயோ பூட்டு திறந்துவிட்டது என்று அவளுக்குத் தெரியும். தெருமுனை மரத்தடிக்கு வந்ததும் பொறுக்க மாட்டாமல் கேட்டாள்.

“கடிதத்துல கிழமை என்ன போட்டிருக்கு?” என்று திருப்பிக் கேட்டார் அண்ணி.

“திங்கள். விடிகாலை மூணு மணி.”

“காலண்டர்படி அது எந்த நாள்?”

நாத்தனார் விரல் மடக்கிப் பார்த்தாள். தளத்துக்காரருக்குத் திங்கட்கிழமை மூன்றாவது ஷிப்டு, அலுவலகத்துக்குச் செவ்வாய்க்கிழமை விடியற்காலை. கொதிகலன் நின்றது செவ்வாய் விடியலில். மேலாளர் கமுக்கமாகத் திங்கள் விடியலின் தாளை எடுத்துக் காட்டிவிட்டார். அது உண்மையான தாள், கோடும் உண்மையான கோடு. தாளில் கால் காசு பெறாத ஒரு பொய்கூட இல்லாமல் முழுப் பூசணிக்காயையும் மறைத்துவிட்டார். தளத்தில் இருந்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். தெரிந்தும் பயத்தில் வாயை மூடிக்கொண்டார்கள்.

“அப்போ கமா எழுதலைங்கறது நிச்சயம்” என்றாள். “பலகையில ஒரு கமா விட்டதுக்கே என்னை முறைச்ச மனுஷன், கிழமையை மாத்திப் போட்டா அவருக்குத் தூக்கம் வருமா?”

“தளத்துல இருக்கறவங்கதான் எழுதியிருக்கணும். திங்கட்கிழமை மூணாவது ஷிப்டு. அந்த இருபது பேர்ல ஒருத்தர்.”

அந்த இருபது பேரில் ஒருவருக்கும் புள்ளி வைத்து எழுதத் தெரியாது என்பதுதான் அடுத்த சுவர். கமாவின் கைபேசியிலிருந்து வாங்கி வைத்திருந்த குழுவின் இரண்டு வருடப் பேச்சையும் நாத்தனார் காலையிலிருந்தே மேய்ந்துகொண்டிருந்தாள், வேலைக்காக என்று சொல்லிக்கொண்டு. உண்மையில் ரசித்துப் படித்தாள். அதிலும் பாக்கிங் பிரிவில் ஓர் அக்கா. எழுத ஆரம்பித்தால் புள்ளியில்லாமல், மூச்சு விடாமல், பஸ் வராததிலிருந்து பக்கத்து வீட்டுப் பூனை குட்டி போட்டது வரை ஒரே வாக்கியம். குழுவில் அவளுக்கு ரயில் என்று பெயர். கமா அதிகமாகத் திருத்தியதும் அவளைத்தான், இரண்டு வருடத்தில் அறுபத்தொரு தடவை.

“எனக்கு அந்த ரயிலைத்தான் பிடிச்சிருக்கு அண்ணி. என்ன, புதன்கிழமையிலேர்ந்து ஓடவே இல்லை. தண்டவாளம் பழுதோ என்னவோ.”

அண்ணி நின்றுவிட்டார். கடிதம் வந்ததற்கு முன்னால் அவள் எழுதாத நாள் உண்டா என்று கேட்டார். நாத்தனார் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். கணவன் ஏணியிலிருந்து விழுந்து மருத்துவமனையில் கிடந்த வாரத்தில்கூட ரயில் தினமும் ஓடியிருந்தது. கடிதத்தைப் பற்றிக் குழுவே மூன்று நாளாகக் கேலியும் கூத்துமாகக் கிடக்க, அவள் மட்டும் ஒரு வரி எழுதவில்லை.

“எங்க இலாகாவுல வந்த கடிதத்தைவிட வராமப் போன கடிதத்தைத்தான் முதல்ல தேடுவோம்” என்றார் அண்ணி. “அவ நம்பரைப் போடு.”

*

ரயிலின் வீடு மூன்றாவது மாடியில் ஒரே அறை. கட்டிலில் கணவன் படுத்திருந்தான். விழுந்ததில் முதுகெலும்பு போய், எழுந்து உட்காரவே ஆள் பிடிக்க வேண்டியிருந்தது. ரயில் முப்பத்தைந்து வயதுக்காரி, பேசினால் எழுத்தைப் போலவே நிற்காது என்று நாத்தனார் எதிர்பார்த்தாள். அவளோ கதவைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றாள்.

அண்ணி சுற்றி வளைக்கவில்லை. திங்கள், செவ்வாய் கதையைச் சொன்னார். உன் பெயர் என் வாயிலிருந்து வெளியே வராது, அது என் தொழில் மரியாதை என்றும் சொன்னார். அதைக் கேட்டதும் ரயில் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“நான்தான் எழுதினேன். புதுசா ஒரு சிம் வாங்கி, குழுவோட லிங்க் வழியா உள்ளே வந்து எழுதினேன்.”

“கமா எல்லாம் போட்டு?”

“ரெண்டு வருஷமா என்னைத் திருத்தினாரே மேடம். எங்கே நிறுத்தணும், எங்கே புள்ளி வைக்கணும்னு அவர்தானே அறுபது தடவை சொன்னாரு. எல்லாம் மனசுல இருக்கு. என் பாட்டுக்கு எழுதறப்போ எனக்கு அது வேண்டாம், அவ்வளவுதான். ஆனா ரயில் எழுதினா சிரிப்பாங்க, படிக்க மாட்டாங்க. இதை எல்லாரும் படிக்கணும்னுதான் அவர் மாதிரி எழுதினேன். பழி அவர் மேலே விழும்னு சத்தியமா நினைக்கலை.”

கமாவைப் பற்றி அவள் இன்னொன்றும் சொன்னாள். கணவனுக்கு ரத்தம் வேண்டும் என்று குழுவில் அலறியபோது, முதலில் வந்தது கமாவின் திருத்தம்தான்: ‘வாக்கிய முடிவில் புள்ளி வேண்டும்.’ அன்று அவரைக் கொன்றுபோடலாம் போல் அவளுக்கு ஆத்திரம் வந்ததாம். அரை மணி கழித்து மருத்துவமனைக்கு முதல் ஆளாக ஓடிவந்து சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்தவரும் அவரே.

“அவர் ரத்தம் இவர் உடம்புல ஓடுது மேடம். எனக்கு மூணு நாளா சோறு இறங்கலை. ஆனா நான் வாயைத் திறந்தா என் வேலையும் போயிடும். தாளை மாத்திட்டாங்க. என்கிட்ட ஒரு சாட்சியும் இல்லை. இவரை வெச்சுக்கிட்டு நான் எங்கே போவேன்?”

அண்ணி அவளை வற்புறுத்தவில்லை. எழுந்து, விசாரணை நாலு மணிக்கு என்று மட்டும் சொல்லிவிட்டுப் படி இறங்கினார். நாத்தனாருக்கோ ஆற்றாமை தாங்கவில்லை. கையில் கிடைத்ததை இப்படி விட்டுவிட்டு வருவதா என்று ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பியபடி கேட்டாள். ஒருத்தரைக் காப்பாற்ற இன்னொருத்தரைப் பிடித்துக் கொடுக்கத் தான் போலீஸ் இல்லை என்றார் அண்ணி. சொல்லிவிட்டாரே தவிர, அவர் முகத்திலும் ஈயாடவில்லை.

*

மேலாளர் அறையில் ஏ.சி. நடுங்கவைத்தது. துணைக்கு ஒருவருக்குத்தான் அனுமதி. நாத்தனார் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு, கமாவுக்குப் படபடப்பு வந்தால் யார் பார்ப்பது என்று காவலாளியிடம் ஒரு கதை சொல்லி உள்ளே நுழைந்துவிட்டாள். மேசைமேல் பணிநீக்க உத்தரவு, தட்டச்சு செய்து, கையெழுத்துக்குத் தயாராக இருந்தது.

அண்ணி சுருக்கமாகப் பேசினார். தளத்தில் நாள் ஆறு மணிக்குப் பிறக்கும். கடிதம் எழுதியவர் கணக்கு தளத்துக் கணக்கு. பதினெட்டு வருடம் காலண்டர்படியே பதிவேடு எழுதிய கமா அந்தத் தப்பைச் செய்யவே முடியாது. அதோடு, செவ்வாய் விடியலின் தாளை மேலாளர் ஏன் இதுவரை யாருக்கும் காட்டவில்லை?

மேலாளர் சிரித்தார். செவ்வாய்த் தாளும் இருக்கிறது, அதுவும் சுத்தம், வேண்டுமானால் பார்க்கலாம் என்றார். பிறகு பேனாவைத் திறந்தார்.

“இவர் எழுதலைன்னா தளத்துல எவன் எழுதினான்? அங்கே புள்ளி வெச்சு எழுதத் தெரிஞ்சவன் எவன்? பேரைச் சொல்லுங்க. இந்த உத்தரவைக் கிழிச்சுப் போடறேன்.”

கமா அண்ணியைப் பார்த்தார். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் நாத்தனார் பாட்டிலின் மூடியைத் திருகினாள். பெயர் அவள் நாக்கு நுனியில் நின்றது.

“எழுதினது யாருன்னு சொல்ல நான் வரலை. இவர் எழுதலைன்னு சொல்லத்தான் வந்தேன்” என்றார் அண்ணி.

மேலாளர் உத்தரவைத் தன் பக்கம் இழுத்தார். அப்போது அவருடைய கைபேசி மேசைமேல் அதிர்ந்தது. கமாவின் சட்டைப்பையும் அதிர்ந்தது. மணி நாலு ஐந்து. குழுவில் மூன்று நாளாக நின்றிருந்த ரயில் வந்துவிட்டது.

‘நான்தான் எழுதினேன் பாக்கிங் ரயில்தான் எழுதினேன் கமா சார் எழுதலை அவர்கிட்ட கத்துக்கிட்டு நான் எழுதினேன் புள்ளி வெச்சு எழுதினா படிப்பீங்கன்னு நெனச்சேன் படிச்சீங்க ஆனா யார் எழுதினதுன்னு தேடினீங்க பால் என்னாச்சுன்னு ஒருத்தர் தேடலை கொதிகலன் இருபது நிமிஷம் நின்னுச்சு நான் அங்கேதான் நின்னேன் அந்தப் பாலை என் கையாலதான் அடுக்கினேன் இனிமே யார் மாதிரியும் எழுத மாட்டேன் இப்படியேதான் எழுதுவேன் புள்ளி இல்லைன்னா நடந்தது நடக்கலைன்னு ஆயிடாது வேலையை எடுக்கறதா இருந்தா எடுத்துக்கோங்க’

கையில் ஓர் ஆதாரமும் இல்லாமல், கட்டிலில் கிடக்கும் கணவனை வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறாள். நாத்தனாருக்குக் கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்க அவள் சிரமப்படவில்லை.

மேலாளர் மட்டும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். “தலையும் இல்லை, வாலும் இல்லை. இதை ஒரு அதிகாரி படிப்பானா? நம்புவானா? கமா, உங்க மேலே தப்பு இல்லைன்னு இப்போ ஒத்துக்கறேன். இப்பவே வேலையில சேர்ந்துடுங்க. முதல் வேலையா இந்தக் குப்பையைத் திருத்துங்க. எல்லாரும் பார்க்கட்டும்.”

கமா அந்தச் செய்தியை மறுபடி முதலிலிருந்து படித்தார். உதடு அசைந்தது. பிறகு மடியிலிருந்த தோல் பையின் பூட்டைத் திறந்தார்.

“திருத்தறேன் சார்.”

உள்ளேயிருந்து, கசக்கிப் பின் நீவிவிட்ட ஒரு தாளை எடுத்தார். சிவப்புக் கோடு ஓரிடத்தில் சரிந்து, கீழேயே கிடந்து, பிறகு ஏறியிருந்தது. மேலாளரின் கையிலிருந்த பேனா உருண்டு கீழே விழுந்தது.

“செவ்வாய்க்கிழமை காலையில நீங்க கசக்கிக் கூடையில போட்டது. நான் எந்தத் தாளையும் விடறதில்லை” என்றார் கமா. “இதைக் காட்டினா, நான்தான் எழுதினேன்னு அதுவே சாட்சியாயிடும்னு பயந்து மூணு நாளா மூடி வெச்சேன். அந்தப் பொண்ணு ஒண்ணுமே இல்லாம எழுதிட்டா.”

அண்ணி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். காலையில் கேட்காமல் விட்ட கேள்விக்குப் பதில் வந்துவிட்டது. மேலாளர் தாளைப் பிடுங்கக் கை நீட்டினார். நாத்தனார் தண்ணீர் பாட்டிலோடு நடுவில் வந்து நின்றாள். அவள் உயரத்துக்கும் அகலத்துக்கும் அது போதுமானதாக இருந்தது. அவள் முதுகுக்குப் பின்னால் கமா தாளைப் படம் பிடித்தார்.

‘கமா எழுதிக்கொண்டிருக்கிறார்’ என்று குழுவின் மேல் ஒரு வரி மின்னியது. அதற்கு அர்த்தம் இருநூற்று நாற்பது பேருக்கும் தெரியும். அந்தப் பெண்ணின் நெஞ்சைப் பிளந்த எழுத்துக்கும் இந்த மனுஷன் புள்ளி வைக்கப்போகிறான் என்று, தளத்தில் பலர் அந்த நேரம் பல்லைக் கடித்ததாகப் பிறகு சொன்னார்கள்.

முதலில் தாளின் படம் போயிற்று. அதன் கீழே எழுத்து வந்தது.

‘ஒரு திருத்தம். இருபது நிமிடம் அல்ல, இருபத்திரண்டு. 3.04 முதல் 3.26 வரை. மற்றபடி, இந்தச் செய்தியில் பிழை எதுவும் இல்லை.’